கடலில்லாத ஊரில் அலைக் கணக்கு

நம் ஹைதராபாத்துக்கு ஏரிகள் உண்டு, கடல் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் கடற்கரையைத் தொட 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தாக வேண்டும். ஆனாலும், சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி குலுங்கினால், நாகப்பட்டினத்துக்கு அலை வருமா, வந்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்துக்கு என்ற கணக்குப் போடப்படுவது இந்த ஊரில்தான். நிஜாம்பேட்டையை ஒட்டிய பிரகதி நகரில் இருக்கும் இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக 'இன்காய்ஸ்', இரவு பகல் பாராமல் இந்த வேலையைச் செய்து வருகிறது. குக்கட்பள்ளி, மியாப்பூர் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் இதன் அக்கம்பக்கத்தார் என்றே சொல்லலாம்.

டி.வி.யில் 'சுனாமி எச்சரிக்கை' என்ற எழுத்துக்கள் ஓடினால் நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? ஊருக்குப் போன். கடலூரில் அம்மா தனியாக இருப்பார். வேளாங்கண்ணியில் பெரியப்பா கடை வைத்திருப்பார். தூத்துக்குடியில் அக்கா குடும்பம் இருக்கும். அவர்களிடம் 'உடனே கிளம்புங்கள்' என்பதா, 'பயப்படாதீர்கள்' என்பதா? எதைச் சொன்னாலும் அது ஒரு கணிப்பொறி போட்ட கணக்கை நம்பித்தான். அந்தக் கணக்கு சரியானது என்று நமக்கு யார் உறுதி சொல்வது? மென்பொருளை எப்படிச் சோதிக்கிறார்கள்? தப்பு வந்தால் எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள்? பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த நம் குடும்பங்களில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டரை மணி நேரம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்ராவின் வடமேற்குக் கடலடியில் 9.1 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் கடல் மட்டத்தை அளக்கும் கருவி முதல் அலையைப் பதிவு செய்தது காலை 9.05 மணிக்கு. இடையில் இருந்தது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஒரு மனிதர் நிதானமாக நடந்தே பத்து கிலோமீட்டர் உள்ளே போயிருக்கலாம். ஆனால் அலை வருகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல அன்று நம் நாட்டில் ஓர் அமைப்பு இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல்.

அதன் பிறகுதான், 1999-ல் தொடங்கப்பட்டிருந்த இன்காய்ஸ் மையத்திலேயே சுனாமி முன்னெச்சரிக்கைப் பிரிவை அமைத்தார்கள். 2007 அக்டோபர் 15 அன்று அது முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 2011 முதல் நம் நாட்டுக்கு மட்டுமின்றி இந்துமாக்கடலைச் சுற்றியுள்ள மற்ற நாடுகளுக்கும் இது தகவல் தருகிறது. ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் இதே பணியைத் தனித்தனியே செய்கின்றன.

கட்டம் போட்ட கடல்

கணக்கு நோட்டில் கட்டங்கள் இருக்குமல்லவா, அதுபோலக் கடலை முழுவதும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று விவரம் வேண்டும். அங்கே கடலின் ஆழம் என்ன, நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது, நீர் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது. நிலநடுக்கம் ஒரு பகுதியில் கடலடியை மேலே தள்ளும். அதன் மேலுள்ள நீரும் உயரும். உயர்ந்த நீர் பக்கத்துக் கட்டத்துக்கு வழியும். அது தன் பக்கத்துக் கட்டத்துக்கு. சில விநாடிகளுக்கு ஒருமுறை எல்லாக் கட்டங்களின் கணக்கையும் புதிதாகப் போட்டு, அதை ஆயிரக்கணக்கான தடவை திரும்பச் செய்தால் அலையின் முழுப் பயணமும் கிடைத்துவிடும்.

இன்காய்ஸ் கையாளும் 'டுனாமி' என்ற மென்பொருள் ஜப்பானின் செண்டாய் நகரிலுள்ள தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. நொபுவோ ஷூட்டோ, ஃபுமிஹிகோ இமாமுரா முதலிய பேராசிரியர்கள் அதை உருவாக்கியவர்கள். அவர்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை. மூல நிரலையும் அதன் விளக்கத்தையும் யுனெஸ்கோவின் கடலியல் குழுமத்தின் வழியாக உலக நாடுகளுக்குக் கொடுத்தார்கள். 1997-ல் அந்தக் கையேடு அச்சிலும் வந்தது. கடையில் ஊறுகாய் பாட்டில் வாங்குவது வேறு, ஊறுகாய் போடும் பக்குவத்தைக் கேட்டுக்கொண்டு வருவது வேறு. பக்குவம் கையில் இருந்தால்தான் நம் ஊர் மாங்காய்க்குத் தக்கபடி உப்பைக் கூட்டிக் குறைக்க முடியும். இந்துமாக்கடலுக்கு ஏற்றபடி டுனாமியை இங்கே மாற்றி அமைத்துக்கொண்டது அப்படித்தான்.

பூமி குலுங்கிய பிறகு உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட நேரம் இருக்காது. ஆகவே 'இந்த இடத்தில், இந்த அளவில், இந்த ஆழத்தில் நிலநடுக்கம் வந்தால்' என்று ஏறத்தாழ 50,000 சூழ்நிலைகளுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சேமித்து வைத்திருக்கிறார்கள். நிலநடுக்கம் வந்தவுடன் அதற்கு மிக நெருக்கமான சூழ்நிலையைத் தேடி எடுப்பதுதான் முதல் வேலை. அப்படியானால், சேமித்த கணக்கில் ஒரு தவறு ஒளிந்திருந்தால் அது அவசர நேரத்தில்தான் வெளியே வரும். சோதனை முன்கூட்டியே நடந்தாக வேண்டியதன் காரணம் இதுவே.

தவறு எங்கிருந்து வரும்?

முதலாவது இடம் கணிப்பொறியின் எண்களே. கணிப்பொறி எல்லாவற்றையும் பாதி, பாதியில் பாதி என்றே எழுதிவைக்கிறது. நம் பாட்டிமார் சொன்ன அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவை அதற்கு அல்வா சாப்பிடுவது போல. ஆனால் மா என்ற இருபதில் ஒரு பங்கையோ, முந்திரி என்ற முந்நூற்றிருபதில் ஒரு பங்கையோ, சாதாரணமான பத்தில் ஒரு பங்கையோ அதனால் முழுமையாக எழுத முடியாது. ஒன்றை மூன்றால் வகுத்தால் நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போவது போல, அதுவும் எழுதிக்கொண்டே போய் ஓரிடத்தில் வெட்டிவிடும். வெட்டிய துளி மிகச் சிறியது. பல லட்சம் தடவை கூட்டினால் அது சிறியதாக இருக்காது.

1991 வளைகுடாப் போரில் இது நடந்தது. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் வைக்கப்பட்டிருந்த பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிக் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தது. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் வெட்டுப்பட்ட துளிகள் சேர்ந்து மூன்றில் ஒரு விநாடி ஆகிவிட்டன. அந்த நேரத்துக்குள் எதிரி ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பிப்ரவரி 25 அன்று தவறான இடத்தில் தேடிய அமைப்பு ஏவுகணையைக் கோட்டைவிட்டது. அமெரிக்க வீரர்கள் 28 பேர் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் தஹ்ரான் வந்து சேர்ந்தது மறுநாள்.

இரண்டாவது இடம் கணக்கின் முறை. சுனாமி அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். ஆகாய விமான வேகம்! கட்டத்தின் அகலம் 5 கிலோமீட்டர் என்றால் அலை அதை 25 விநாடியில் தாண்டிவிடும். ஆகவே கணக்கை 25 விநாடிக்கும் குறைவான இடைவெளியில் போட வேண்டும். சிக்கனம் பார்த்து நிமிடத்துக்கு ஒருமுறை போட்டால், ஒரு கட்டத்திலிருந்து எங்கோ போய்விட்ட அலையைக் கணிப்பொறி பக்கத்துக் கட்டத்தில் தேடும். சில அடிகளுக்குள் அலையின் உயரம் பனைமரமாகி, மலையாகி, பிறகு எண்ணே இல்லாமல் போய்விடும். கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணித மேதைகள் இந்த விதியை 1928-லேயே எழுதிவைத்தார்கள். அப்போது மின்னணுக் கணிப்பொறியே பிறக்கவில்லை.

மூன்றாவது இடம் நாம் கொடுக்கும் விவரம். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது இங்கே நூற்றுக்கு நூறு உண்மை. சில கோப்புகளில் ஆழத்தைக் கூட்டல் குறியோடு எழுதுவார்கள்; சிலவற்றில் நிலத்தின் உயரத்துக்குக் கூட்டல், கடலின் ஆழத்துக்குக் கழித்தல். மாற்றிப் படித்தால் வங்கக் கடல் மலையாகும், நீலகிரி பள்ளமாகும். ஐந்து கிலோமீட்டர் கட்டத்தில் நாகப்பட்டினத்துத் துறைமுகம், கடற்கரை, கடைத்தெரு எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதை வைத்து எந்தத் தெருவில் தண்ணீர் புகும் என்று சொல்ல முடியாது. கரையை நெருங்க நெருங்கக் கட்டத்தைச் சிறிதாக்கியே ஆக வேண்டும். நேரமும் ஒரு பொறி. விஞ்ஞானிகள் உலகப் பொது நேரத்தில் எழுதுவார்கள். 2004-ல் சென்னைக்கு அலை வந்த நேரம் அவர்கள் கணக்கில் 3.35. ஐந்தரை மணியைக் கூட்ட மறந்தால், காலை ஒன்பது மணிக்கு வந்த அலை விடியற்காலை மூன்றரைக்கு வந்ததாகிவிடும்.

சோதிக்கும் முறைகள்

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது சமையலுக்குப் பொருந்தும், மென்பொருளுக்குப் பொருந்தாது. ஓரிடத்தில் சரியான விடை தந்த நிரல் இன்னோரிடத்தில் கவிழ்க்கும். ஆகவே படிப்படியாகப் பல சோதனைகள் வைக்கிறார்கள்.

முதல் சோதனை வேடிக்கையானது. அலையே இல்லாத கணக்கைக் கொடுப்பது! மேடு பள்ளமான அடித்தரை கொண்ட ஒரு குளம். நீர்மட்டம் சமமாக, அசையாமல் இருக்கிறது. நிரலை ஓட விட்டால் பல மணி நேரம் கழித்தும் அது அப்படியே நிற்க வேண்டும். சரியாக எழுதாத நிரலில் நிலம் சரியும் இடங்களில் தானாகவே நீரோட்டம் கிளம்பிவிடும். சும்மா இருக்கும் குளத்தில் அலை எழுப்புகிற நிரல், வருகிற அலையை எப்படிச் சரியாகச் சொல்லும்? அதோடு மொத்த நீரின் அளவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் இருந்த நீர் முடிவிலும் இருக்க வேண்டும். வரவும் செலவும் நேராகாத கணக்குப் புத்தகத்தை யார் நம்புவார்கள்?

இரண்டாவது, காகிதத்தில் போடக்கூடிய கணக்கோடு ஒப்பிடுவது. கார் நிக்கோபார் தீவிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 1,400 கிலோமீட்டர். இடையில் கடலின் சராசரி ஆழத்தைச் சுமார் 3,300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அலையின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 650 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். கரையருகே ஆழம் குறைவதால் அலை மெதுவாகும், இன்னும் கொஞ்சம் நேரம் கூடும். 2004-ல் ஆனது இரண்டரை மணி நேரம் அல்லவா? பொருந்துகிறது. ஒரு பெரிய மென்பொருள் இதே பயணத்துக்கு நாற்பது நிமிடம் என்றோ ஆறு மணி என்றோ சொன்னால், அலையை விட்டுவிட்டு நிரலைப் பார்க்க வேண்டியதுதான்.

மூன்றாவது, தொட்டியில் அலை எழுப்பிப் பார்ப்பது. 1993 ஜூலையில் ஜப்பானின் ஒகுஷிரி தீவைச் சுனாமி தாக்கியது. மோனாய் என்ற இடத்துக் குறுகிய பள்ளத்தாக்கில் நீர் 30 மீட்டருக்கும் மேல் ஏறியது. விஞ்ஞானிகள் அந்தப் பள்ளத்தாக்கை 400-ல் ஒரு பங்கு அளவில் செய்து, நீர்த்தொட்டியில் வைத்து, அலையை அனுப்பி அளந்தார்கள். அந்த அளவுகள் இன்று உலகம் முழுவதும் பொதுத் தேர்வுத்தாள் மாதிரி. சுனாமி நிரல் எழுதும் யாரும் அதில் தேறிக் காட்ட வேண்டும்.

நான்காவது, வேறு வழியில் போட்ட கணக்கோடு ஒப்பிடுவது. இதற்கு நம் ராமானுஜன் பெயரில் ஓர் அழகான உதாரணம் உண்டு. 'பை' என்ற எண்ணைக் கண்டுபிடிக்க அவர் 1914-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். அதன் முதல் உறுப்பை மட்டும் எடுத்தாலே 3.141592 வரை ஆறு தசம இலக்கங்கள் சரியாக வந்துவிடும். 1985-ல் அமெரிக்கரான பில் கோஸ்பர் அதைக் கொண்டு 1 கோடியே 70 லட்சம் இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார். அந்தச் சூத்திரம் அப்போது முழுமையாக நிரூபிக்கப்படவில்லை! ஜப்பானில் கனடா என்ற விஞ்ஞானி வேறு முறையில் முன்பே கணக்கிட்டிருந்த இலக்கங்களோடு ஒத்துப் பார்த்தார்கள், பொருந்தியது. ஒரே விடைக்கு இரண்டு வேறு பாதைகளில் வந்து சேர்ந்தால் இரண்டின் மேலும் நம்பிக்கை பிறக்கிறது. இந்துமாக்கடலுக்கு மூன்று நாடுகள் தனித்தனியே கணக்குப் போடுவதில் உள்ள பயனும் அதுவே.

கோளாறு வந்தால்

சோதனையில் தோற்ற நிரலை என்ன செய்வது? அனுபவசாலிகள் கண்டபடி மாற்றிப் பார்ப்பதில்லை. நல்ல வைத்தியர் போல ஒழுங்காக விசாரிப்பார்கள்.

முதலில், அதே தவறு மறுபடியும் வருகிறதா என்று பார்ப்பார்கள். வராத தவறைப் பிடிக்க முடியாது. பிறகு பெரிய கணக்கைச் சிறிதாக்குவார்கள். இந்துமாக்கடல் முழுவதும் வேண்டாம். பத்தே கட்டம், ஒரே ஆழம், ஒரே அலை. அதிலும் தவறு வந்தால் பிரச்சினை நிரலில்; வரவில்லை என்றால் பெரும்பாலும் விவரக் கோப்பில். அடுத்து, கணக்கின் இடைவெளியைப் பாதியாக்குவார்கள், கட்டத்தையும் பாதியாக்குவார்கள். விடை கொஞ்சமாக மாறி ஒரு நிலையான எண்ணை நோக்கிப் போனால் நல்லது. தாறுமாறாக மாறினால் முறையிலேயே கோளாறு. எதைச் செய்தாலும் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே. மூன்று மருந்தை ஒன்றாகக் கொடுத்துவிட்டால் எது குணப்படுத்தியது என்று யாருக்குத் தெரியும்?

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிடிபட்ட தவறைத் திருத்தியவுடன் அதற்கென ஒரு புதிய சோதனையை எழுதி நிரலோடு சேர்த்து வைப்பது. பிறகு யார் எந்த மாற்றம் செய்தாலும் பழைய சோதனைகள் எல்லாம் மறுபடி ஓட வேண்டும். புதுக் கணிப்பொறி வாங்கினாலும் அப்படியே. நேற்று வரை ஒழுங்காக இருந்த நிரல், இயந்திரம் மாறியதும் கடைசி இலக்கங்களில் வேறு விடை தருவது சகஜம். அது தீங்கில்லாத வேறுபாடா, வரப்போகும் தொல்லையின் அடையாளமா என்று பிரித்துச் சொல்வதே இந்தத் தொழிலின் அனுபவம்.

மூல நிரல் திறந்திருப்பதன் அருமை இங்கேதான் தெரியும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகமும் அந்நாட்டு நிலவியல் துறையும் சேர்ந்து எழுதிய 'அனுகா', அமெரிக்காவில் எழுதப்பட்ட 'ஜியோகிளா' ஆகிய சுனாமி மென்பொருள்கள் முழுவதும் திறந்தவை. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வரிக்கு வரி படிக்கலாம். கூடவே வரும் சோதனைகளை ஓட்டியும் பார்க்கலாம். மூடிய மென்பொருளில் விடை சந்தேகமாக இருந்தால் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். திறந்ததில் தவறைக் கண்டவரே திருத்தவும் முடியும். ஆனால் திறந்து வைத்தாலே தவறு ஓடிப்போய்விடும் என்று எண்ண வேண்டாம். யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்துச் சோதித்தால்தான் உண்டு.

கடல் வைத்த பரீட்சைகள்

அறையில் எத்தனை சோதனை செய்தாலும், முடிவான பரீட்சை வைப்பது கடல்தான். ஆழ்கடலின் அடியில் வைத்த அழுத்தக் கருவிகளும் துறைமுகங்களில் உள்ள கடல் மட்ட அளவிகளும் உண்மையில் வந்த அலையைச் சொல்லும். கணக்கு சொன்ன அலையோடு அதை ஒப்பிட வேண்டும்.

2007 செப்டம்பர் 12 அன்று, மையம் முறைப்படி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே, சுமத்ராவின் பெங்குலு அருகே 8.4 அளவு நிலநடுக்கம் வந்தது. புதிய அமைப்புக்கு அது எதிர்பாராத ஒத்திகையாகி, கணக்கைக் கடலோடு ஒப்பிட வாய்ப்புத் தந்தது.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2.08 மணிக்கு வந்தது இன்னும் பெரிது. சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு, இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று. சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். நிமிடங்களுக்குள் இங்கிருந்து அறிவிப்புகள் போயின. ஆனால் அஞ்சிய அலை வரவில்லை. காரணம், பூமித்தட்டு அன்று மேலும் கீழுமாக அசையவில்லை; பக்கவாட்டில் நழுவியது. தொட்டியின் அடித்தட்டைத் தூக்கினால் நீர் எழும்பும். பக்கவாட்டில் இழுத்தால் அவ்வளவாக எழும்பாது. நிலநடுக்கத்தின் அளவு மட்டும் தெரிந்த முதல் நிமிடங்களில் மோசமானதை எதிர்பார்த்துக் கணக்குப் போடுவதுதான் முறை. பிறகு கடலின் கருவிகள் சிறு அலையையே காட்டின. அன்று மாலையே எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது.

இதை 'வீண் பீதி' என்று சிலர் அன்று கேலி செய்தார்கள். அது நியாயமல்ல. ஆனால் கேலியில் ஓர் ஆபத்து இருக்கிறது. 'புலி வருது' கதை நமக்குத் தெரியும். கணக்கு அளவுக்கு மீறி எச்சரித்தால் அடுத்த தடவை மீனவர் வலையைப் பின்னிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எச்சரிக்கத் தவறினாலோ 2004 திரும்பும். இரண்டு பக்கமும் பள்ளமுள்ள வரப்பின் மேல் நடப்பது போன்ற வேலை இது. அந்த வரப்பு எவ்வளவு அகலம் என்பது மென்பொருளை எவ்வளவு நன்றாகச் சோதித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மென்பொருளுக்கு அடுத்தபடியாக மனிதர்களுக்கும் ஒத்திகை வைக்கிறார்கள். இந்துமாக்கடல் நாடுகள் சேர்ந்து அவ்வப்போது நடத்தும் சுனாமி ஒத்திகைகளில் நம் கடலோரக் கிராமங்களும் கலந்துகொள்கின்றன. ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு ஊர்களை 2020-ல் யுனெஸ்கோ 'சுனாமிக்குத் தயாரான ஊர்கள்' என்று அங்கீகரித்தது. சரியான விடை சரியான நேரத்தில் வந்தும் கேட்பவருக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாவிட்டால் பயன் இல்லையே!

நம் வீட்டில் செய்யக்கூடியது

அறிவிப்பில் வரும் மூன்று சொற்களின் பொருளை நாம் தெரிந்துவைத்துக்கொண்டால் ஊருக்குப் போன் செய்யும்போது பதற்றம் குறையும். 'வாட்ச்' என்றால் கவனித்துக்கொண்டிருக்கிறோம், உடனே எதுவும் செய்ய வேண்டியதில்லை. 'அலர்ட்' என்றால் கடற்கரைக்கும் தாழ்வான இடங்களுக்கும் போகாதீர்கள். 'வார்னிங்' என்றால் மேட்டுப் பகுதிக்கு உடனே கிளம்புங்கள். டி.வி. எல்லாவற்றையும் 'எச்சரிக்கை' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடும். எந்தக் கடற்கரைக்கு எந்தச் சொல் என்று இன்காய்ஸ் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. ஒன்றை மட்டும் ஊரில் உள்ளவர்களுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். நில அதிர்ச்சியை உடம்பால் உணர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, யாருடைய அறிவிப்புக்கும் போனுக்கும் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு ஒரு விடுமுறை வேலை. ஆக்டேவ், சைலாப், பைத்தான் ஆகிய மூன்றும் இலவசம். மூல நிரல் திறந்தவை. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் இப்படிப்பட்ட மென்பொருள்களுக்குத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் பாடங்கள் தயாரித்திருக்கிறது. தெலுங்கு மண்ணில் ஆங்கிலத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் அலைக் கணக்கைத் தமிழில் கேட்டுக் கற்பது அரிய வாய்ப்பு. நூறு கட்டம் கொண்ட ஒரு நீண்ட வாய்க்காலை எடுத்துக்கொள்ளட்டும். முதலில் அசையாத நீர். அது அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு ஒரு முனையில் நீரைச் சற்று உயர்த்தி, அலை மறுமுனைக்குப் போய்ச் சேரும் நேரத்தைக் காகிதக் கணக்கோடு ஒப்பிடட்டும். அடுத்து வேண்டுமென்றே இடைவெளியைப் பெரிதாக்கிக் கணக்கு வெடிப்பதையும் பார்க்கட்டும். விடை வந்துவிட்டது என்று எழுந்துவிடாமல் 'இது சரியா?' என்று கேட்கும் பழக்கம் இந்த ஒரு பயிற்சியிலேயே வந்துவிடும்.

அப்படிக் கேட்கப் பழகியவர்களில் ஒருவர் நாளை பிரகதி நகர் மையத்தில் இரவுப் பணியில் இருக்கலாம். கடலூரில் இருக்கும் பாட்டிக்கு அந்த இரவு நிம்மதியான தூக்கம்.